தோட்டத்துக் கள்ளுக்கடை: வடசிலாங்கூரை முன்வைத்து ஒரு சரித்திர ஆராய்ச்சி

ஆங்கில தேசத்துக் கிராமங்களின் சரித்திரத்தை எழுதப் புகுந்தவர்கள் மாதாகோவிலுக்கு அடுத்தபடியாக எடுத்துக்கொள்ளும் கட்டடம் அவ்வூர் மதுவிடுதியாகவே இருப்பதையும், வழிப்போக்கருக்குப் படுக்கையும் உழவருக்கு மாலைப் பொழுதும் தந்துவந்த அந்த விடுதியின் உத்தரங்களையும் பெயர்ப்பலகையையும் சொத்துப் பத்திரங்களையும் கொண்டே ஊரின் ஐந்நூறு ஆண்டு வாழ்க்கையை அவர்கள் விவரித்துவிடுவதையும் அந்நாட்டு நூல்களைப் பயின்றோர் அறிவர். ஸாமர்ஸெட் பகுதியில் நார்ட்டன் செயின்ட் ஃபிலிப் என்னும் சிற்றூரிலுள்ள ஜார்ஜ் விடுதி பதினான்காம் நூற்றாண்டில் அருகிலிருந்த மடத்துத் துறவிகளால், பிரயாணிகளையும் கம்பள வியாபாரிகளையும் உத்தேசித்துக் கட்டப்பட்டது; 1685-இல் அரசுரிமை கோரிக் கலகம் செய்த மன்மத் கோமகன் தன் தோல்விக்குச் சில நாட்களுக்கு முன்னர் அங்கே தங்கினான். மது காய்ச்சி விற்போர் வாசலில் அடையாளம் நாட்டவேண்டுமென்று இரண்டாம் ரிச்சர்டு மன்னன் காலத்தில், 1393-இல், விதி பிறந்தது. 1552-இல் வந்த சட்டத்தால் மதுக்கடை நடத்துவோர் உள்ளூர் நீதிபதிகளிடம் அனுமதி பெறவேண்டியதாயிற்று. மதுக்கடைக்கு அடையாளம் நாட்டும் வழக்கம் ஆங்கிலேயருக்கே உரியதென்று நாம் வியக்க வேண்டியதில்லை. காவிரிப்பூம்பட்டினத்தில் கள் விற்கும் மனைகளின் முன் கொடி பறந்ததைப் பட்டினப்பாலை ஆசிரியர் அதற்கு ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆண்டுகளுக்கு முன்பே பதிந்து வைத்திருக்கிறார்.

கோலசிலாங்கூர் மாவட்டத்திலும், அதற்கு வடக்கே சிகிஞ்சான், சுங்கை பெசார், சுங்கை பஞ்சாங் என்று கரையோரமாகச் சென்று சபாக் பெர்ணத்தில் முடியும் நிலப்பகுதியிலும் இவ்விடுதிக்கு நிகரான ஸ்தாபனம் எது என்று கேட்டால், மாவட்டத் தலைநகரங்களில் சர்க்கார் கட்டிவைத்த ரெஸ்ட் ஹவுஸை முதலில் சிலர் காட்டக்கூடும். அது பிரயாணம் செய்யும் உத்தியோகஸ்தருக்கும் துரைமாருக்கும் ஏற்பட்டது. துரைமாருக்கு அதைத் தவிரத் தனிக் கிளப்புகளும் இருந்தன; சோடா கலந்த விஸ்கியும் பில்லியர்ட்ஸ் மேசையும் அங்கே காத்திருந்தன. பால்வெட்டுக்காரனுக்கும் களை பிடுங்கியவளுக்கும் வேலை ஓய்ந்தபின் நாலு பேரைக் கண்டு பேச ஏற்பட்ட பொதுக்கூடம், கோவில் வாசலை நீக்கிப் பார்த்தால், தோட்டத்துக் கள்ளுக்கடை ஒன்றே. ஆங்கிலக் கிராமத்து விடுதி அவ்வூர் மண்ணில் தானாக முளைத்தது. நம் கள்ளுக்கடையோ ரப்பர்க் கன்றைப்போல் வெளியிலிருந்து கொணர்ந்து, அளவு பார்த்து, துரையின் மேற்பார்வையில் நடப்பட்டது. இந்த ஒரு வேற்றுமையிலிருந்தே அதன் சரித்திரம் முழுவதும் கிளைக்கிறதென்பது இக்கட்டுரையின் துணிபு.

நிலமும் மரமும்

கள்ளுக்கடையின் வரலாற்றைச் சட்டப் புத்தகத்திலிருந்து தொடங்குவதைவிடத் தென்னையிலிருந்து தொடங்குவதே முறை. வடசிலாங்கூரின் கரையோரம் கடல் ஒதுக்கிய களிமண் பூமி. அதற்கு உட்புறம் நீர் தேங்கிய கரிச் சதுப்பு. அதற்கும் அப்பால் சற்றே மேடான காட்டு நிலம். கரையோரக் களிமண்ணில் மலாய்க்காரரும் ஜாவாவிலிருந்தும் பஞ்சாரிலிருந்தும் வந்து குடியேறியவர்களும் பாரிட் என்னும் வடிகால் வெட்டி நீரை வடித்துக் கொப்பரைக்காகத் தென்னை வைத்தனர்; ஐரோப்பியக் கம்பெனிகளும் அதே மண்ணில் பெருந்தென்னந்தோட்டங்களை அமைத்தன. உள்நாட்டு மேட்டு நிலத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், இலங்கையில் காப்பி பட்டுப்போனபின் பிழைப்புத் தேடி வந்த துரைமார் சிலரும் அவரைப் பின்பற்றியோரும் லைபீரியக் காப்பியைப் பயிரிட்டார்கள். அதன் விலை சரிந்தபோது ரப்பருக்கு மாறினார்கள். 1905 முதல் 1910 வரையில் உலகச் சந்தையில் ரப்பர் விலை ஏறிய ஏற்றத்தில் சிலாங்கூர் ஆற்றின் இருகரையிலும் காடு அழிந்து தோட்டங்கள் எழுந்தன. பத்தாங் பெர்ஜுந்தை அருகே தென்னமரம் தோட்டத்தில் 1917-இல் ஹென்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் செம்பனையை மலாயாவில் வியாபார அளவில் முதன்முதலாகப் பயிரிட்டார். பின்னாளில், 1930-இல், மலாயாவைப் பற்றிய நாவலுக்காகப் பிரான்சின் கோன்கூர் பரிசைப் பெற்றவரும் அவரே. நாட்டின் செம்பனைத் தொழிலுக்கே தாயகமாக விளங்கும் இடத்துக்குத் தமிழ்ப் பெயர் வாய்த்திருப்பது நமக்குச் சிறிது சந்தோஷம் தரும் செய்தி. பெயரைத் தாண்டித் தமிழருக்கு அங்கே என்ன கிடைத்தது என்பது வேறு விஷயம்.

உள்நாட்டில் ரப்பரும் ஆட்களும், கரையில் தென்னை: இவ்விரண்டும் ஒரு நாள் மாட்டுவண்டிப் பிரயாணத்துக்குள் அடங்கியிருந்தமையே இப்பகுதியில் கள்ளுக்கடை பெருகியதற்கு முதற்காரணம். கள் நெடுந்தூரப் பிரயாணத்துக்கு உதவாத சரக்கு. விரியாத தென்னம்பாளையை நாரால் இறுகக் கட்டி, தினந்தோறும் மெல்லத் தட்டிப் பதப்படுத்தி, நுனியைப் பாளைக்கத்தியால் காலையும் மாலையும் மெல்லிய சீவலாகச் சீவிவிட்டால், வடியும் இனிய நீர் முட்டியில் சேருகிறது. முட்டியில் ஏற்கெனவே படிந்துள்ள ஈஸ்டு நுண்ணுயிர்களால் அது மரத்தில் இருக்கும்போதே பொங்கத் தொடங்கிவிடும். சில மணி நேரத்தில் நூற்றுக்கு நாலைந்து பங்கு சாராயச் சத்து ஏறிக் கள்ளாகும். மறுநாள் புளித்து, பின்பு காடியாகிவிடும். முட்டியின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் பொங்காமல் இனிப்பாகவே நிற்கும். அது கடைக்கு ஆகாது. காலையில் இறக்கியது அன்று மாலைக்குள் செலவாகியே தீரவேண்டும். பீரைப்போல் பீப்பாயில் அடைத்து நிலவறையில் வைக்கவோ, கப்பலேற்றி அனுப்பவோ முடியாத இந்த இயல்பினால் கள் எப்பொழுதும் உள்ளூர்ச் சரக்காகவே இருந்தது. உள்ளூர்ச் சரக்காக இருந்ததனால் அதை அளந்து, எண்ணி, அதிகாரத்தின் கைக்குள் வைத்திருப்பது சர்க்காருக்கும் தோட்டத்துக்கும் எளிதாயிற்று. சீவிய பாளையில் காய் பிடிக்காது. எனவே கள்ளுக்கு விடும் மரம் கொப்பரைக்கு ஆகாது. இன்ன மரம் கள்ளுக்கு, இன்னது காய்க்கு என்று பிரிக்கும் கணக்கு தென்னந்தோட்டத்து ஆபீஸில் ஆரம்பமாகியது. சுங்கை பஞ்சாங் போன்ற கரையோரப் பகுதிகளும் உள்நாட்டு ரப்பர்த் தோட்டங்களும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டது இந்தக் கணக்கின் வழியாகவும்தான்.

உரிமம் யார் கையில்?

தமிழகத்திலிருந்து கப்பலேறியவர்களுக்குக் கள்ளுக்கடை புதுமையானதன்று. திருவள்ளுவர் கள்ளுண்ணாமைக்கென்று ஓர் அதிகாரமே வகுக்க நேர்ந்த நாடு அது. சென்னை ராஜதானியில் 1886-ஆம் வருஷத்து அப்காரிச் சட்டத்தின்கீழ் கடைகள் ஏலம் விடப்பட்டன. அதிகத் தொகை கேட்ட குத்தகைதாரர் கடையை நடத்தினார். குடிப்பவன் அவருக்கு வாடிக்கைக்காரன் என்பதற்குமேல் ஒரு பந்தமும் இல்லை. கூலி கொடுக்கும் பண்ணையாரும் கள் விற்கும் குத்தகைதாரரும் பெரும்பாலும் வெவ்வேறு ஆட்கள். அந்தப் பிரிவினை ஏழைக்கு எவ்வளவு பெரிய பாதுகாப்பு என்பது, அது இல்லாத இடத்திற்கு அவன் வந்தபிறகே புலப்பட்டது.

மலாயாவில் ஆங்கில ஆட்சியின் முற்பகுதியில் அபின், மது, சூதாட்டம் ஆகியவற்றின்மீது வரி வசூலிக்கும் உரிமை சீன முதலாளிகளுக்குக் குத்தகையாக விடப்பட்டிருந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இக்குத்தகைகள் ஒவ்வொன்றாக ஒழிந்து சர்க்காரே நேரடியாகப் பொறுப்பேற்றது. அக்காலத்தில் தோட்டத்துத் தமிழனுக்குக் கம்பத்துக் கடைகளில் எளிதாகக் கிடைத்தது சம்சு என்னும் அரிசிச் சாராயம். அதிலே திருட்டுத்தனமாகக் காய்ச்சியதும் கலந்திருந்தது. சம்சு குடித்தவன் மறுநாள் காலையில் பெயர் கூப்பிடும் பெரட்டுக்கு எழுந்து வரமாட்டான் என்பது துரைமாரின் முறையீடு. கள் குடித்தவனோ வந்துவிடுவான் என்பது அவர்களுடைய அனுபவம். கள்ளிலே உயிர்ச்சத்து உண்டென்றும், தீட்டிய அரிசியையே உண்டு பெரிபெரி நோய்க்கு ஆளாகும் கூலிகளுக்கு அது மருந்து போன்றதென்றும் பின்னர் வைத்திய வாதமும் சேர்ந்துகொண்டது. ஈஸ்டில் பி வகை உயிர்ச்சத்து இருப்பது மெய்யே. ஆயினும் அந்த உயிர்ச்சத்தைக் கைக்குத்தலரிசியாலும் பயறாலும் கொடுத்திருக்கக்கூடுமென்பதை வாதித்தவர்கள் நினைத்துப் பார்த்ததாகத் தோன்றவில்லை.

கரையோர மாவட்டங்களில் கள்ளினால் விளைந்த தொல்லை எவ்வளவு தூரம் சென்றிருந்ததென்பதற்கு ஒரு சர்க்கார் ஆவணமே சாட்சி. சிலாங்கூரின் கடற்கரை மாவட்டங்களில் கள் தகாத முறையில் பயன்படுத்தப்படுவதாகச் சொல்லப்படும் விஷயத்தை விசாரிக்கவென்றே கமிஷன் ஒன்று நியமிக்கப்பட்டு, அதன் நடவடிக்கைகளும் அறிக்கையும் 1917-இல் கோலாலம்பூரில் அச்சாயின. முதல் உலக யுத்தம் நடந்துகொண்டிருக்கையில், ரப்பர் ஏற்றுமதியைத் தவிர வேறு சிந்தனை அதிகமில்லாத ஒரு நிர்வாகம், கடற்கரை மாவட்டங்களின் கள்ளைப் பற்றித் தனியாகக் கமிஷன் வைத்ததென்றால், அது தோட்டக்காரரின் சில்லறைத் தலைவலியாக இருந்திருக்க முடியாது.

பின் வந்த ஆண்டுகளில் இருவகைக் கடைகள் நிலைபெற்றன. பட்டணங்களிலும் கம்பங்களிலும் பொதுமக்களுக்காகச் சர்க்கார் கடைகள். தோட்டங்களில் அத்தோட்டத்து ஆட்களுக்காகத் தோட்ட நிர்வாகமே நடத்தும் கடைகள். பின்னதற்கு உரிமம் மானேஜர் துரையின் பேரில் வழங்கப்பட்டது. விற்பனையில் சர்க்காருக்கு வரி போக எஞ்சிய லாபத்தைத் தொழிலாளர் நன்மைக்கே செலவிடவேண்டுமென்பது விதி. இதைத் தோட்டத்தார் கள்ளு ஃபண்டு என்றார்கள். மாரியம்மன் கோவிலுக்குப் புது ஓடு, தீமிதித் திருவிழாவுக்கு மேளம், பள்ளிக்கூடத்துக்குப் பெஞ்சு, பந்து விளையாட்டுக்கு ஒரு திடல் முதலிய செலவுகளெல்லாம் இந்நிதியிலிருந்து வந்தன. துரையின் தயாளத்தைப் புகழ்ந்து பேசும் பழைய தோட்டக் கதைகள் பலவற்றில் அந்தத் தயாளத்தின் ஊற்று இதுவே. தொழிலாளி குடித்த காசே அவனுடைய கோவிலுக்கு ஓடாகித் திரும்பி வந்தது. அதற்காக அவன் கும்பிட்டதோ துரையை.

இங்கே ஒரு முரண்பாட்டை வாசகர் கவனிக்க வேண்டுகிறேன். இங்கிலாந்தில் சுரங்க முதலாளிகளும் அவர்களுடைய மேஸ்திரிகளும் கூலியை மதுவிடுதியில் வைத்துக் கொடுத்து, கொடுத்த கூலி அங்கேயே கரைந்துபோகும்படி செய்துவந்த தீமையை அந்நாட்டுப் பார்லிமென்ட் 1842-இல் சுரங்கங்களில் தடுத்தது. 1883-இல் மதுவிடுதியில் கூலி கொடுப்பதையே பொதுவாக விலக்கித் தனிச் சட்டம் இயற்றியது. கூலி கொடுக்கும் கையும் மது ஊற்றும் கையும் ஒன்றாயிருக்கலாகாதென்ற நீதி அந்தச் சட்டங்களில் பொதிந்திருந்தது. அதே ஜாதியார், அதன் பின்னர், மலாயாவில் அந்த இரு கைகளையும் ஒரே உடம்பில் பொருத்தினார்கள். மாதக் கடைசியில் ஆபீஸ் வராந்தாவில் எண்ணிக் கொடுத்த வெள்ளி, அரைமைல் தூரத்திலிருந்த தகரக் கொட்டகை வழியாக, அதே ஆபீஸின் வேறொரு கணக்கில் வந்து ஏறியது. கமிஷன்களும் அறிக்கைகளும் குடிப்பவனுடைய ஒழுக்கத்தைப் பற்றி எத்தனையோ பக்கம் எழுதியிருக்கின்றன; இந்தக் கணக்கைப் பற்றி எழுதியவை சொற்பம்.

கடைக்குள்ளே

கள்ளுக்கடை எங்கும் ஏறக்குறைய ஒரே அமைப்பு. தொழிலாளர் குடியிருந்த லயங்களிலிருந்து சற்று விலகி, ஆனால் கூப்பிடு தூரத்தில், பலகைச் சுவரும் தகரக் கூரையும் சிமெண்டுத் தரையுமாக ஒரு கொட்டகை. முன்புறம் கம்பிவலை அல்லது மரச் சட்டம் போட்ட விற்பனை வழி. உள்ளே நீளப் பெஞ்சுகள். பூச்சிட்ட இரும்பு மங்குகளில் அளந்து ஊற்றினார்கள். பால்வெட்டு விடியலில் தொடங்கிப் பிற்பகலில் பால் நிறுத்துக் கொடுத்ததோடு முடிவதால், கடையின் நேரமும் பிற்பகலில் ஆரம்பித்து அந்திக்குள் அடங்கிவிடும். தொட்டுக்கொள்ளக் கருவாடு, சுண்டல், வறுத்த கச்சான், கரையோரமாயின் நண்டு. ஆபீஸ் குமாஸ்தாக்களான கிராணிமார் இங்கே காலெடுத்து வைப்பதில்லை; அவர்களுக்குக் குடிக்கும் வழக்கம் இருந்தால் வீட்டிலேயே சீசா உண்டு. ஆள் சேர்த்து வேலை வாங்கும் கங்காணி வருவார், ஆனால் உட்காரும் இடம் வேறு. ஆங்கில விடுதியிலும் கனவான்களுக்கு ஓர் அறை, கூலிக்காரருக்கு ஓர் அறை என்ற பிரிவு இருந்ததாக அறிகிறோம். நம் தோட்டத்தில் அந்தப் பிரிவு கட்டடத்துக்கு வெளியிலேயே தீர்ந்துவிட்டது.

இக்கடையை ஒழுக்கக்கேட்டின் இருப்பிடமாக மட்டும் வருணித்தவர்களோடு முழுவதும் உடன்பட எனக்கு இயலவில்லை. பெரட்டில் பெயர் கூப்பிட்டதற்குப் பதில் சொல்வதைத் தவிர வாய் திறக்கக்கூடாத வாழ்க்கையில், எந்த நிரையில் பால் குறைந்தது, எந்த மண்டோர் கணக்கில் கை வைக்கிறான், ஊரில் மழை பெய்ததா, கடுதாசி வந்ததா, யார் பெண்ணை யார் மகனுக்குக் கேட்பது என்பனவெல்லாம் தடையின்றிப் பேசப்பட்ட இடம் இதுவே. திருச்சி, சேலம், தஞ்சை, வட ஆற்காடு முதலிய வெவ்வேறு ஜில்லாக்களிலிருந்து கங்காணியின் கைப்பிடியில் தனித்தனிக் கூட்டமாக வந்தவர்கள், ஒரே தோட்டத்தாராகப் பழகியது ஓரளவுக்கு இந்தப் பெஞ்சுகளில்தான். மதுரைவீரனுக்கும் முனியாண்டிக்கும் கள்ளும் சுருட்டும் படைத்துவந்த குடியினருக்கு அது பாவமென்ற உணர்ச்சியும் தொடக்கத்தில் இல்லை.

ஆயினும் இந்த அநுதாபத்துக்கு ஓர் எல்லை உண்டு. அந்த எல்லை லயத்து வாசற்படி. ஆண் பெண் இருவரும் கூலி வாங்கிய குடும்பத்தில், ஆணின் கூலியில் கணிசமான பகுதி கொட்டகையில் கழிந்தால், அரிசிக் கணக்கும் பிள்ளையின் துணியும் ஆணைவிடக் குறைந்த கூலி வாங்கிய பெண்ணின்மேல் விழுந்தன. 1930-களில் நியாயமான அளவென்று கருதப்பட்ட நாட்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. ரப்பர் விலை வீழ்ந்த மந்த காலத்தில் அதுவும் கிடைக்கவில்லை. 1936-இன் இறுதியில் இந்திய சர்க்காரின் சார்பில் வந்து நிலைமையைப் பார்வையிட்ட வி. எஸ். சீனிவாச சாஸ்திரியார் பழைய கூலியைத் திரும்ப அளிக்கும்படி சிபாரிசு செய்தார், அளிக்கப்பட்டது, 1938-இல் மறுபடியும் ஐந்து காசு குறைக்கப்பட்டது. அவ்வருஷம் ஜூன் 15-ஆம் தேதி இந்திய சர்க்கார் மலாயாவுக்கு உதவிச் செலவில் கூலிகளை அனுப்புவதை நிறுத்தியதற்கு இதுவே உடனடிக் காரணம். இந்தச் சொற்பக் காசைத்தான் கள்ளுக்கடையும் பங்கு கேட்டது.

மறியல்

கள்ளுக்கடையை மூடவேண்டுமென்ற குரல் துரைமாரிடமிருந்தோ சர்க்காரிடமிருந்தோ பிறக்கவில்லை, பிறக்க நியாயமுமில்லை. அது தமிழகத்திலிருந்து கடல் கடந்து வந்தது. 1921-இல் ஈரோட்டில் நடந்த கள்ளுக்கடை மறியலில் ஈ. வெ. ராமசாமியாரின் மனைவி நாகம்மையாரும் தங்கை கண்ணம்மாளும் முன்னின்றதும், அவர் தம் தோப்புத் தென்னைகளை வெட்டிச் சாய்த்ததும் இங்கும் பேசப்பட்ட செய்திகள். 1929-இன் இறுதியில் அவர் மலாயாவுக்கு வந்து சுற்றுப்பிரயாணம் செய்தபின் சுயமரியாதைச் சங்கத்தார் குடியை விலக்குவதைச் சீர்திருத்தத்தின் ஓர் அங்கமாகவே கொண்டனர். 1937 அக்டோபர் 1-ஆம் தேதி ராஜாஜி மந்திரிசபை சேலம் ஜில்லாவில் மதுவிலக்கை அமல்படுத்திய செய்தி, சேலத்து ஆட்கள் நிறைந்த தோட்டங்களில் எத்தகைய எண்ணத்தை எழுப்பியிருக்கும் என்பதைச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. ஊரில் மூடிய கடை இங்கே ஏன் திறந்திருக்கிறது என்பது மிகச் சாதாரணமான கேள்வி. அதற்கு மானேஜரிடம் பதில் இல்லை.

1924-இல் கி. நரசிம்ம ஐயங்கார் தொடங்கிய தமிழ் நேசனும், 1935-இல் கோ. சாரங்கபாணி சிங்கப்பூரில் தொடங்கிய தமிழ் முரசும் ஆகிய பத்திரிகைகள் தோட்டங்களை எட்டின. ஒருவர் வாசிக்கப் பத்துப் பேர் கேட்டார்கள். 1936-இல் மலாயா மத்திய இந்தியர் சங்கம் ஏற்பட்டது; மறுவருஷம் ஜவாஹர்லால் நேரு வந்து போனார். இந்த உணர்ச்சியெல்லாம் ஒன்றுதிரண்டு வெடித்தது 1941-இல், கிள்ளானில். தமிழ் நேசனில் உதவி ஆசிரியராயிருந்த ஆர். எச். நாதன், கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தின் மூலம் தோட்டத் தொழிலாளரை ஒன்றுசேர்த்து முன்வைத்த கோரிக்கைகளில், சீனத் தொழிலாளருக்குச் சமமான கூலி, பிள்ளைகளுக்குக் கல்வி, வைத்திய வசதி, பெண்களிடம் தகாத முறையில் நடப்பதை நிறுத்துதல், துரையின் முன்னால் சைக்கிளைவிட்டு இறங்காமல் செல்லும் உரிமை என்பவற்றோடு, கள்ளுக்கடைகளை மூடவேண்டும் என்பதும் ஒன்றாக நின்றது.

தொழிலாளர் கோரிக்கைகளின் சரித்திரத்தில் இது ஓர் அபூர்வ நிகழ்ச்சி. கூலி உயர்வும் வேலை நேரக் குறைப்பும் உலகமெங்கும் கேட்கப்பட்டவை. முதலாளி நடத்தும் மதுக்கடையை மூடு என்று, அதிலே குடிப்பவர்களே வேலைநிறுத்தக் கோரிக்கையாக வைத்ததற்கு எடுத்துக்காட்டு மிகச் சில. கதர்த் தொப்பி அணிந்த தொண்டர்கள் கடைவாசலில் நின்று மறித்தார்கள். மே 5-ஆம் தேதி நாதன் கைது செய்யப்பட்டார், அதைக் கண்டித்துச் சிலாங்கூரின் மற்ற மாவட்டங்களுக்கும் வேலைநிறுத்தம் பரவியது, மே 16-ஆம் தேதி மாநிலத்தில் அவசரநிலை பிரகடனமாகிச் சிப்பாய்கள் இறக்கப்பட்டனர், தொழிலாளர் உயிரிழந்தனர். நாதன் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். கடைகள் மூடப்படவில்லை.

யுத்தமும் ஜப்பானியர் ஆட்சியும் பர்மா ரயில் பாதையும் நடுவே வந்தன. கள்ளுக்கடையைவிடப் பெரிய துயரங்களில் தோட்டங்கள் ஆழ்ந்த காலம் அது. யுத்தம் ஓய்ந்தவுடன் மறியல் திரும்பவும் தலைதூக்கியது. இம்முறை அதன் தீவிரம் வடக்கே கெடாவில். அங்கே பெடோங் பகுதித் தொண்டர் படையினர் கள்ளுக்கடைகளை மறித்ததும், 1947-இல் போலீஸாரோடு மோதல் நேர்ந்ததும் தனிக்கட்டுரைக்குரிய விஷயங்கள். சென்னை ராஜதானி முழுவதும் 1948-இல் மதுவிலக்கு வந்தது. அதே வருஷம் ஜூனில் மலாயாவில் பிரகடனமான அவசரநிலை, கூட்டம் கூடுவதையே சந்தேகத்துக்குரியதாக ஆக்கிவிட்டமையால், கள்ளெதிர்ப்பு இயக்கம் அதன் சொந்தப் பிழையால் அல்லாமல் சுற்றுச் சூழ்நிலையால் அவிந்தது.

மூடிய பிறகு

சுதந்திரத்துக்குப்பின் கடை மறைந்த விதம் மறியல்காரர் எதிர்பார்த்த விதமன்று. அதற்கு முன்பே, 1954-இல், ஏற்பட்ட தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் கூலி பேரத்தைத் தன் கையில் எடுத்துக்கொண்டது, தோட்டங்கள் துண்டாடப்பட்டன, ரப்பரும் தென்னையும் இருந்த இடங்களில் செம்பனை ஏறியது. பாளை சீவும் வித்தை தெரிந்தவர்கள் அருகினார்கள். லயங்கள் காலியாகி ஜனங்கள் பட்டணத்து ஓரங்களுக்குப் பெயர்ந்தபோது, எவரும் மூடு என்று சொல்லாமலே பல கடைகள் மூடிக்கொண்டன. பத்தாங் பெர்ஜுந்தைக்கு 2007-இல் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறியது. அதைச் சூழ்ந்த நைஜல் கார்ட்னர், மேரி, சுங்கை திங்கி முதலிய தோட்டங்களின் பெயர்கள் இன்று முன்னாள் தொழிலாளரின் வீட்டுரிமைப் போராட்டத்தோடு சேர்த்தே பேசப்படுகின்றன.

கள் போன இடத்திற்கு மோர் வரவில்லை, சம்சு வந்தது. மலிவான சிறு சீசாக்களில், மருந்துபோலவும் டானிக்போலவும் முகப்புச்சீட்டு ஒட்டி விற்கப்பட்ட இச்சாராயத்தை எதிர்த்துப் பினாங்கு பயனீட்டாளர் சங்கம் பல ஆண்டுகள் பிரசாரம் செய்தது. கள்ளின் நாலைந்து பங்கு வெறிச்சத்து எங்கே, இதன் கடுமை எங்கே? 2018 செப்டம்பரில் சிலாங்கூரில் நச்சு மதுவால் பலர், பெரும்பாலும் வெளிநாட்டுத் தொழிலாளர், மாண்டனர். வந்த நாடு வேறாயினும் அவர்களும் நூறாண்டுக்கு முன் நம்மவர் இருந்த படியிலேயே நிற்பவர்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், சம்சுவைத் தடுக்கவே கள்ளுக்கடை என்றார்கள். கடையும் போய்ச் சம்சுவே மிஞ்சிய பிறகு அந்த வாதத்தை எழுப்ப ஒரு துரையும் இங்கே இல்லை. ஆங்கிலக் கிராமத்து விடுதி தன் கதவைச் சாத்தும்போது ஊரார் ஒன்றுகூடிப் பங்கு போட்டு அதை வாங்கி நடத்துவதும் உண்டு. தோட்டத்துக் கடையை வாங்கி நடத்த எவரும் முன்வராததற்கு, அது ஒருநாளும் தோட்டத்தாருடையதாக இருந்ததில்லை என்பதைத் தவிர வேறு காரணம் தேடவேண்டாம்.

தமிழ்த் தொழிலாளியின் குடிப்பழக்கத்தைப் பற்றிப் பேசாத தோட்ட வரலாறு அரிது. அந்தக் குடியை யார் விற்றார், வந்த லாபம் எந்தப் பேரேட்டில் எழுதப்பட்டது என்று பேசியதும் அரிது. சிலாங்கூர் செக்ரடேரியட்டின் பழைய கோப்புகள் கோலாலம்பூரிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக இருக்கின்றன. அவை சர்க்காரின் தரப்பைச் சொல்லும். தோட்டத்தின் தரப்பைச் சொல்லக்கூடியவை கள்ளு ஃபண்டுக் கணக்குப் புத்தகங்களும், கோவில் திருப்பணி ரசீதுகளும், திருவிழாப் புகைப்படங்களும். கோலசிலாங்கூர் முதல் சபாக் பெர்ணம் வரையில் கிராணிமாராகவும் கங்காணிமாராகவும் கோவில் தலைவர்களாகவும் இருந்தவர்களின் பிள்ளைகள், தம் வீட்டுப் பெட்டிகளில் அத்தகைய காகிதம் எதுவும் இருந்தால், பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போடுமுன் ஒருமுறை அதை ஆராய்ச்சியாளர் கண்ணுக்குக் காட்டும்படி கேட்டுக்கொள்கிறேன்.